இரண்டாவது பிரதி

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘சாம்பல்நாடு’ நாவல் வரிசையின் ஒன்பதாவது பாகம், அதாவது கடைசிப் பாகம், இந்த மாதம் வருகிறது. ‘இரும்பு இறகு’ படத்தின் ஆறாவது பாகம், அதுவும் கடைசி, அடுத்த மாதம் வருகிறது. ஒரு ரசிகனுக்கு வாழ்நாளில் இப்படி ஒரு பருவம் ஒருமுறைதான் வாய்க்கும். எழுதி வைக்காமல் விட்டால் பிறகு வருத்தப்படுவேன்.

வேலையைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. கம்பெனி கைமாறியதிலிருந்து பர்ச்சேஸ் பிரிவில் மூன்று பேர் வேலையை நான் ஒருவன் பார்க்கிறேன் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது தோள்பட்டையும் கூடவே கழன்று வந்துவிடும் போலிருக்கிறது. டீயைக் குடித்துவிட்டு அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றால்தான் உயிர் வருகிறது.

அலமாரி கூடத்தின் ஒரு சுவர் முழுக்க நிற்கிறது. கீழ்த்தட்டில் இசைத்தட்டுகள், அதற்கு மேலே கேசட்டுகளும் சிடிக்களும், கண் மட்டத்தில் நாவல்கள், மேல்தட்டில் பட டிஸ்க்குகள். எல்லாம் வெளிவந்த ஆண்டு வரிசைப்படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். கோயம்புத்தூரில் இப்படி ஒரு அலமாரி இன்னொரு வீட்டில் இருந்தால் வந்து சொல்லட்டும்.

குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று சுகந்தி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

சுகந்திக்கு வங்கியில் பதவி உயர்வு வந்திருக்கிறது. நல்ல செய்தி. கேசரி செய்திருந்தாள்.

இன்றைய பெரிய விஷயம், ‘தூரத்து மாடிவீடு’ இசைத்தட்டின் மறுபதிப்பு கூரியரில் வந்துவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் கேசட்டில் தேயத் தேயக் கேட்ட பாட்டுகள். அந்தக் கேசட்டில் மூன்றாவது பாட்டுக்கு ஒரு அநியாயம் நடந்திருந்தது. நாடாவில் இடம் போதாமல் கடைசிப் புல்லாங்குழலைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். அது எப்படி முடிந்திருக்கும் என்று நானே வாயால் முடித்துப் பார்த்துக்கொள்வேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இன்றைக்கு அது முழுதாக ஒலித்தது. நான் நினைத்திருந்ததைப்போலக் கீழே இறங்கி முடியவில்லை. மேலே போய் அங்கேயே நின்றுவிடுகிறது. கை ரோமமெல்லாம் எழுந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கக் கம்பெனியில் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சுகந்தியைக் கூப்பிட்டேன். கரண்டியும் கையுமாக வந்து நின்று கேட்டாள்.

“நல்லா இருக்குதுங்க.”

“நல்லா இருக்குதா? அந்தக் குழல் மேல போயி நிக்குது பாரு. இன்னொருக்கா வெக்கறேன்.”

இன்னொரு முறையும் நின்று கேட்டாள். பிறகு சொன்னாள். “எனக்குப் போஸ்டிங் எங்கன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே.”

“எங்க?”

“இன்னும் ஆர்டர் வரல.”

வராததை எதற்குக் கேட்க வேண்டும்? முன்பு இரண்டு முறை பதவி உயர்வு வந்தபோதும் வெளியூர் என்றதும் எழுதிக் கொடுத்து வேண்டாமென்றுவிட்டாள். இந்த முறையும் அப்படித்தான் செய்வாள். இந்த வயதில் எதற்கு அலைச்சல்.

உறையின் முதுகில் ஆண்டு அச்சிடவில்லை. அது ஒன்றுதான் குறை.

ஜூன் 8, ஞாயிறு

குழாயைப் பார்க்கலாமென்று திருப்புளியைத் தேடினேன். கருவிப்பெட்டியில் இல்லை. படுக்கையறைப் பீரோவின் கீழ் இழுப்பறையில் சில சமயம் கிடக்கும். திறந்தால், சுகந்தியின் சால்வைக்கு அடியில் ‘வெயில் தெரு’ சிடி.

எனக்குச் சுருக்கென்றது. கேட்பதற்கு எடுத்தால் கேட்டுவிட்டு இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அலமாரியில் அதன் இடத்தில் ‘வெயில் தெரு’ இருக்கிறது. கையில் ஒன்று, தட்டில் ஒன்று. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் எதுவும் இரண்டு இருக்காது. அதை இங்கே எழுதிவிட வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று சுகந்தி வீட்டு ஷோகேஸில் கேசட்டுகள் ஆண்டு வரிசையில் அடுக்கியிருந்தன. ஊரெல்லாம் நடிகர் பேரை வைத்து அடுக்குகிற காலம் அது. யார் அடுக்கியது என்று கேட்டேன். “நானுங்க” என்றாள். பஜ்ஜியைத் தின்னாமலே சம்மதம் சொல்லிவிட்டேன். கல்யாணம் முடிந்து அவள் சீர்வரிசையோடு இரண்டு அட்டைப்பெட்டி கேசட்டும் புத்தகமும் வந்தன. என்னிடம் மூன்று பெட்டி. மறுவீடு முடிந்து வந்த அன்று கூடத்தில் பாய் விரித்து எல்லாவற்றையும் கொட்டினோம். இருவரிடமும் இருந்தவை பாதிக்குமேல். ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளட்டை கிழியாதது எது, நாடா சுருங்காதது எது என்று பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினோம். யாருடையது என்று பார்க்கவில்லை. பேர் எழுதியிருந்ததை அழித்துவிட்டோம். ஒதுக்கியதை டவுன்ஹால் சந்திலுள்ள ராயப்பண்ணன் பழைய இசைத்தட்டுக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு ரோஸ்மில்க் குடித்தோம். தாலி கட்டினது சொந்தக்காரங்களுக்காக, நமக்குக் கல்யாணம் நடந்தது இன்னைக்குத்தான் என்று சுகந்தி சிரித்தாள்.

அன்றிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி. இப்போது இது எப்படி வந்தது?

திருப்புளி கிடைக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

யோசித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டுவிட்டது. மறதி. பாவம், வங்கியில் ஆண்டுக்கணக்கு முடித்த களைப்பு இன்னும் போகவில்லை. நம்மிடம் இருப்பது நினைவில்லாமல் வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகு ஞாபகம் வந்து, நான் கேலி செய்வேனென்று ஒளித்து வைத்திருக்கிறாள். போதாததற்கு அந்தப் பிரதி படுமோசம். மூடி விரிசல், உள்ளட்டையில் தண்ணீர் பட்ட கறை. இதைத் தேடி எடுத்து வாங்கினாளே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

அவளைச் சங்கடப்படுத்தாமல் நானே காதும் காதும் வைத்த மாதிரி மாற்றிவிடுகிறேன்.

ஜூன் 14, சனி

மத்தியானம் ராயப்பண்ணன் கடைக்குப் போனேன். மனிதருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஊசி வைத்தால் எந்தப் பாட்டு என்று முதல் கீறலிலேயே சொல்லிவிடுவார். சிடியை மேசைமேல் வைத்தேன்.

“இதை எடுத்துக்கிட்டு வேற எதாச்சும் குடுங்கண்ணா. எங்ககிட்ட இருக்குது.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது அம்மிணி கேட்டு வாங்கீட்டுப் போனதாச்சே தம்பி.”

“தெரியாம வாங்கிட்டா.”

“தெரியாமயா? ரெண்டு வாரமாத் தேடச் சொல்லி, நாஞ் சேலத்துல ஒருத்தன்கிட்ட இருந்து வரவெச்சுக் குடுத்தேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அம்மிணிகிட்டக் கேட்டுட்டுத்தான கொண்டாந்தீங்க?”

“கேக்காம என்னங்கண்ணா.”

இது ஒரு சின்னப் பொய். குடும்ப விஷயத்தைக் கடைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவர் மேற்கொண்டு பேசாமல் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். பதிலுக்கு எங்களிடம் இல்லாத ஒரு வீணைத் தட்டு கிடைத்தது. ஒரு பக்கம் கொஞ்சம் கீறல் இருந்தாலும் சத்தம் சுத்தமாக வருகிறது.

ஜூன் 15, ஞாயிறு

சுகந்தியிடம் சொன்னேன். துவைத்த துணியை வாளியில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“குடுத்துட்டீங்களா?”

“நம்மகிட்டத்தான் நல்லதா ஒண்ணு இருக்குதே.”

“ஆமா. இருக்குது.”

அவ்வளவுதான். திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. வீணைத் தட்டைப் போட்டுவிட்டு, அவள் இறங்கி வரும்வரை காத்திருந்தேன். மாடியில் வெகுநேரம் இருந்தாள்.

ஜூன் 19, வியாழன்

‘வெயில் தெரு’ மறுபடியும் வந்திருக்கிறது. அதே சால்வை, அதே விரிசல்.

ஜூன் 22, ஞாயிறு

இழுப்பறையைத் தொடவில்லை. நான் ஒன்றும் ஒற்றன் இல்லை.

காலையில் சுகந்தி தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். தங்கை பூர்ணிமா ஈரோட்டில் இருக்கிறாள். “ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சீரோணும்டி, அப்பறம் ஒரு மாசம் நகர முடியாது” என்று சொன்னது காதில் விழுந்தது. பூர்ணிமா வீடு மாறுகிறாள் போலிருக்கிறது. அக்கா புருஷனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அடுப்பில் பால் பொங்கும்போது நாமும் போய் நிற்க வேண்டும், அண்டா ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள் போல.

எங்கே வீடு என்று சுகந்தியிடம் கேட்க நினைத்தேன். அவள் ஊறப்போட்ட உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்கலாமென்று வந்துவிட்டேன்.

ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒன்பதாம் பாகத்தைப் பற்றி வதந்திகள் பறக்கின்றன. வெளிவருவதற்கு முன்பே முடிவைப் போட்டு உடைத்துவிட ஒரு கூட்டம் அலைகிறது. ஆகவே போனை அணைத்து வைத்திருக்கிறேன். முடிவு என் காதில் விழுந்துவிடக் கூடாது.

ஜூன் 27, வெள்ளி

வந்துவிட்டது! விடுப்புப் போட்டு வீட்டிலேயே காத்திருந்து வாங்கினேன். அறுநூறு பக்கத்துக்கு மேல். முதல் பக்கத்தில் வழக்கம்போல வரைபடம். எட்டுப் பாகமாக வடக்கே வெறும் வெள்ளையாக விட்டிருந்த பகுதியில் இந்த முறை மலைகளும் ஓர் ஆறும் வரைந்திருக்கிறார்கள். அந்த ஆற்றைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பதினோரு மணிக்கு உட்கார்ந்தவன் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் தலையைத் தூக்கினேன். நடுவில் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. சாம்பல்நாட்டு ராணி தன் கோட்டையை யாருடைய படையும் வராமலே காலி செய்துவிட்டுப் போகிறாள். யாரும் தோற்கடிக்கவில்லை. களைத்துப்போய்விட்டாள், அவ்வளவுதான். எனக்கு இந்த இடம் ஒப்பவில்லை. எட்டுப் பாகம் கட்டி எழுப்பியதை இப்படியா முடிப்பது?

சுகந்தி வங்கியிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“படிச்சுட்டுச் சொல்லு. அந்த ராணி பண்ணது சரியா?”

“நான் அஞ்சாவதுலயே நின்னுட்டேனுங்க.”

“எப்ப?”

“ரெண்டு வருஷமிருக்கும்.”

“சொல்லவே இல்லையே?”

“சொன்னேன்.”

பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். அப்படியானால் ஆறாம் பாகத்தில் கோட்டைச்சுவர் இடிந்ததைப் பற்றி இராத்திரிச் சாப்பாட்டின்போது நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? ஏழாம் பாகத்து நாய் செத்தபோது ‘அச்சச்சோ’ என்றாளே, அது எதற்கு? எனக்குக் கோபமாக வந்தது. படிக்காத புத்தகத்துக்குத் தலையாட்டுவது எவ்வளவு பெரிய ஏமாற்று.

ஜூன் 28, சனி

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டாள்.

தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

வேலை முடிந்து ராயப்பண்ணன் கடைப்பக்கம் போனேன். ஒன்றும் வாங்குவதற்கு இல்லை. சும்மாதான்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. “நல்ல நேரத்துக்கு வந்தீங்க தம்பி. அம்மிணி பெட்டி ரெடியா இருக்குது, எடுத்துட்டுப் போயிருங்க. பாவம், அது இந்தக் கனத்தத் தூக்கிட்டு எப்புடி பஸ்ஸேறும்” என்று மேசைக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து வைத்தார்.

திறந்து பார்த்தேன். ‘தூரத்து மாடிவீடு’ பழைய பதிப்பு. ‘மூன்றாம் மணி’. ‘நீலாவதி கல்யாணம்’. நாங்கள் கல்யாணமான வருஷம் சேர்ந்து வாங்கிய ‘ஈரக்காற்று’. ஒரு பக்கமாக ‘சாம்பல்நாடு’ பழைய பிரதிகள், முதல் பாகத்திலிருந்து ஐந்தாம் பாகம்வரை. எல்லாமே எங்கள் வீட்டில் இருப்பவை. அலமாரியிலிருந்து அவளுக்குப் பிடித்ததை மட்டும் யாரோ பொறுக்கி எடுத்த மாதிரி இருந்தது.

“இதெல்லாம் எங்ககிட்ட இருக்குதுங்கண்ணா.”

“இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? பாதி நானே வித்தது. நானுங் கேட்டனுங்க. ‘அங்க கேக்கறதுக்குங்கண்ணா’ன்னுச்சு.”

“எங்க?”

“அது நீங்கதான எனக்குச் சொல்லோணும்” என்றார். சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டக் கயிறு எடுத்து வருவதாக உள்ளே போனார். சீக்கிரம் வரவில்லை.

ஆட்டோவில் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் இறக்கினேன். சுகந்தி பார்த்தாள். அவள் சமையலறைக்குப் போன பிறகு பெட்டியை மறுபடி திறந்தேன். ராயப்பண்ணன் இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டிருந்தார். தூரப் பயணத்தில் அப்படியே போனால் அடித்தட்டு வளைந்துவிடும். எல்லாவற்றையும் எடுத்து, உறையைத் துடைத்து, நிமிர்த்தி நிற்கவைத்து, நடுநடுவே அட்டை செருகி, ஆடாமல் ஓரத்தில் பழைய துண்டு வைத்துக் கட்டினேன். நல்ல வேலை. இனி எங்கே போனாலும் ஒன்றும் ஆகாது.

வங்கியில் யாருக்காவது பரிசு கொடுப்பதற்காக இருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

சுகந்தி கடைவீதிக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு “வாங்க” என்றாள். இரண்டு பேருக்குச் சோறு வைக்கிற குக்கர் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை வாங்கினாள். ஒரு வாளி, ஒரு மக்கு, துணி காயப்போடும் கொடி. பஸ்ஸில் வாளியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் தாங்க முடியவில்லை. அவள் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

போஸ்டிங் ஆர்டர் வந்ததா என்று கேட்பதற்கு வாய்வரை வந்தது. வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. அதுவரை போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

குளியலறைக் குழாய்க்கு ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறான். அவளே கூப்பிட்டிருக்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

படத்தைப் பற்றி விரிவாக எழுதுவதாகத்தான் இந்த டைரியே தொடங்கினேன். எழுத வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலைக் காட்சி. சுகந்தியும் விடுப்புப் போட்டிருந்தாள். முதல் பாகத்திலிருந்து ஐந்தாம் பாகம்வரை ஒன்றையும் நாங்கள் தனித்தனியாகப் பார்த்ததில்லை. வாசலில் பையன்கள் மேளமடித்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பு வந்தபோது அரங்கமே எழுந்து கத்தியது. நானும் கத்தினேன். ஆறாவது பாகத்துக்கு இவ்வளவு எதிர்பார்த்திருக்கக் கூடாது. பறக்கிறார்கள், அடிக்கிறார்கள், விழுகிறார்கள், மறுபடி பறக்கிறார்கள். இடைவேளையில் எனக்கே அலுத்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பாப்கார்ன் வாங்கி வந்தேன்.

படம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. பெயர்களெல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி வரும். அதைப் பார்க்காமல் எழுந்து போகிறவர்கள் ரசிகர்களே இல்லை என்பது என் கட்சி. சுகந்தி ஐந்து படத்துக்கும் அதற்காகக் கூடவே உட்கார்ந்திருக்கிறாள். இன்றும் உட்கார்ந்திருந்தாள். அரங்கில் நாங்கள் இருவர்தான். கூட்டிப்பெருக்குகிற அம்மாக்கள் இரண்டு பேர் பின்வரிசையிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

பெயர்கள் நின்றன. திரை வெள்ளையானது. ஒன்றும் வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

“அவ்வளவுதானுங்களா?” என்றாள்.

“இரு, வரும்.”

“என்னங்க, நான் நாகர்கோவில் போறேனுங்க.”

திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். “எப்ப?”

“செவ்வாக்கெழமை. வியாழக்கெழம ஆடி பொறக்குது. அதுக்கு முன்னாடி பால் காய்ச்சிறலாம்னு.”

“சனி ஞாயிறு வந்துருவயில்ல?”

“இல்லீங்க.”

“தீபாவளிக்கு?”

பெருக்குகிற அம்மா எங்கள் வரிசைக்கு வந்து, “காலைக் கொஞ்சம் தூக்குங்க சாமி” என்றார். நாங்கள் இருவரும் காலைத் தூக்கிக்கொண்டோம். அவர் பெருக்கிக்கொண்டே போனார். சுகந்தி அழவில்லை. அழுதிருந்தாலாவது எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று முழுக்க நான் பேசவில்லை. இன்று பேசினேன். சத்தமாகத்தான் பேசினேன். யாரைக் கேட்டு முடிவு செய்தாய், நான் குடிக்கிறேனா, அடித்தேனா, ஊரில் எத்தனை பேர் என்னென்ன செய்கிறார்கள், எனக்கு இருப்பது இந்த ஒரு பழக்கம்தானே என்று எல்லாம் கேட்டேன். அவள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எம்மேல கோவமா?”

“கோவமிருந்தாச் சண்டை போட்டுட்டு இங்கயே இருந்திருப்பேனுங்க. ஓஞ்சு போச்சுங்க, அவ்வளவுதான்.”

“நீயும் ரசிச்சுத்தான இருந்த.”

“ரசிச்சேன். இப்பவும் ரசிக்கறேன். அதனாலதான் வாங்கினேன். ஒரு பாட்டை நானாப் போட்டு, யாரும் பக்கத்துல நின்னு வெளக்கஞ் சொல்லாமக் கேட்டு எத்தனை வருஷமாச்சுங்க.”

பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன். “அலமாரியில இருக்கறதுல பாதி உன்னுது. நல்ல பிரதியெல்லாம் அங்கதான் இருக்குது. எதுக்கு விரிசல் விட்டதையும் கறை பட்டதையும் தூக்கிட்டுப் போற? அதை எடுத்துக்க.”

“வேண்டாங்க.”

“ஏன்?”

“போன தீபாவளிக்குப் பூர்ணிமா ஒரு சிடி எடுத்துட்டுப் போனா. கதவைத் தொறந்து உள்ள வந்தவரு செருப்புக் கழட்டறதுக்கு முன்னாடி அந்த எடத்தப் பாத்துட்டீங்க. அன்னைக்கு எனக்கு நூத்திரெண்டு காய்ச்சல். கூடத்துலதான் பாய் போட்டுப் படுத்திருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய் என்ன வாங்கி வந்தேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள். “எடம் காலியா இருந்தா உங்களுக்கு ஆகாதுங்க. அதான் வெளிய வாங்கினேன்” என்றாள்.

அவள் குளிக்கப் போனபோது, ‘ஈரக்காற்று’ இசைத்தட்டின் எங்கள் பிரதியை அலமாரியிலிருந்து உருவி, அவள் பெட்டியில் துண்டுக்குக் கீழே வைத்துக் கட்டினேன். அது முதல் பதிப்பு. இன்றைக்கு எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஜூலை 15, செவ்வாய்

பெட்டிகளை லாரி பார்சலில் போட்டாயிற்று. அரை நாள் விடுப்பு கேட்டேன். மேலாளர் ஏதோ சொன்னார். காதில் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு நானும் போனேன். பூர்ணிமா ஈரோட்டிலிருந்து வந்திருந்தாள், பால் காய்ச்சக் கூடப் போகிறாள். என்னைப் பார்த்து “சாப்டீங்களா மாமா” என்றாள்.

ரயில் வருவதற்குள் சுகந்தி என்னிடம் கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, மாவு எத்தனை நாள் தாங்கும், இரத்த அழுத்த மாத்திரை எது காலையில் எது இரவில் என்றெல்லாம் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. போகாதே என்று சொல்லத்தான் வந்திருந்தேன். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எசத்தட்ட நிமித்தி வெச்சுக் கட்டிருக்கறேன், எறக்கும்போதும் அப்படியே எறக்கச் சொல்லு” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

“சரிங்க” என்றாள்.

ஜூலை 16, புதன்

வேலைக்குப் போகவில்லை. காலையில் எழுந்து காப்பி போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அங்கே இந்நேரம் அவள் பால் காய்ச்சியிருப்பாள்.

சமையலறையில் பாதி டப்பாக்கள் இல்லை. பீரோவில் அவள் பக்கத்தில் வெறும் தாங்கிகள் தொங்குகின்றன. குளியலறையில் சோப்புப்பெட்டி ஒன்றுதான். கூடத்துக்கு வந்தேன். அலமாரி நிறைந்து நிற்கிறது. யாராவது வந்து பார்த்தால் இந்த வீட்டிலிருந்து ஒருவர் போயிருக்கிறார் என்று சொல்லவே முடியாது.

‘ஈரக்காற்று’ அதன் இடத்திலேயே இருக்கிறது. பெட்டியை எப்போது பிரித்தாள், எப்போது எடுத்து வைத்தாள், எனக்குத் தெரியாது. உறையைத் துடைத்து, முதுகு வெளியே தெரிகிற மாதிரி, நான் வைப்பதுபோலவே வைத்திருக்கிறாள்.

தரையில் உட்கார்ந்து கீழ்த்தட்டிலிருந்து ஆரம்பித்தேன். தட்டுத்தட்டாக, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். கைமறதியாகவாவது, அவசரத்தில் பிரதி மாறியாவது, எங்களுடையதில் ஒன்று அவளோடு போயிருக்கலாம் அல்லவா? இத்தனை வருஷத்தில் இந்த அலமாரியில் ஒன்று தொலைந்திருக்க வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்டது இன்றைக்குத்தான். இசைத்தட்டுகள் சரியாக இருந்தன. கேசட்டுகள், சிடிக்கள் சரியாக இருந்தன. நாவல்கள் ஒன்பது பாகமும் இருந்தன. ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டின் கடைசி டிஸ்க் வரைக்கும் பார்த்துவிட்டேன்.

எல்லாம் இருக்கிறது. ஒன்றையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.